வாயோடு நிற்கிற வசனமும் வழியோடு வருகிற வசனமும்

வேதபாடப் பகுதி – வாலிபருக்கும் பெற்றோருக்கும்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: மத்தேயு 4:1-11, சங்கீதம் 91, எரேமியா 28, 29 அதிகாரங்கள்.



ஓய்வுநாள் பாடசாலைப் பரீட்சை முடிந்து இரண்டு கிழமை கழித்து, பரிசு வாங்கிய பிள்ளையைக் கூப்பிட்டு அதே மனன வசனத்தைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். முதல் நான்கு சொல் வேகமாக வரும். பிறகு பிள்ளை கூரையைப் பார்க்கும். பரீட்சை அன்று ஒரே மூச்சில், கோச்சி ஓடுகிற மாதிரி ஒப்புவித்த பிள்ளைதான் அது. "படிச்சான், மறந்துட்டான்" என்று அம்மா சொல்லுவார். நாங்கள் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டோம். பரீட்சைக்காக ஏற்றிய பாரத்தைப் பரீட்சை முடிந்ததும் இறக்கி வைத்துவிட்டான், அவ்வளவுதான். அது பாரமாக இருந்ததுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பெரிய பிள்ளைகள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். "போனிலேயே முழு வேதாகமமும் தமிழில் இருக்கு. தேடினால் ஒரு நொடியில் வருது. பிறகு என்னத்துக்கு மனப்பாடம்?" நியாயமான கேள்வி. வேதத்தைக் கையில் வைத்திருக்க முன்னோருக்கு இல்லாத வசதி நமக்கு வந்திருக்கிறது, அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கோபம் தலைக்கு ஏறுகிற நேரத்தில் யாரும் போனை எடுத்துத் தேடுவதில்லை. கூடாத ஒன்றுக்குக் கூட்டாளிமார் கூப்பிடுகிற நேரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் இரவு முழுக்க நிற்கிற நேரத்தில், ஏற்கனவே உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். கொழும்புக் கடைக்குப் போகிற பதினெட்டு வயதுப் பிள்ளையும், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகிற தாயும் ஒரு பையோடுதான் போகிறார்கள். போய்ச் சேருகிற எல்லா வீட்டிலும் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்து வாசிக்க முடியும் என்று சொல்ல முடியாது. மனதில் இருப்பதை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

இந்த மாதம் பாடத்தைக் கடற்கரையில் இருந்து தொடங்குகிறோம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கமாக, சல்லி என்று ஒரு ஊர் இருக்கிறது. மீன்பிடிக் கிராமம். கடலைப் பார்த்தபடி முத்துமாரியம்மன் கோவில் இருக்கிறது. ஊரின் பெயரைச் சொன்னாலே பலருக்கு அந்தக் கோவில்தான் ஞாபகம் வரும். "கிறிஸ்தவ வேதபாடத்தில் அம்மன் கோவில் ஊர் எதற்கு?" என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

கடற்கரைப் பிள்ளைகள் கடலைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. வாடைக் காற்று எப்போது வீசும், சோளகம் எப்போது திரும்பும், கச்சான் அடித்தால் வள்ளத்தை இறக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அப்பா வாயிலிருந்து மகன் காதுக்கு வருகிற பாடம். கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டுச் சொல்லி இழுப்பார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து சொல்லுவார்கள். பாட்டு தெரியாத புதுப் பையன்கூட நாலு நாளில் சொல்ல ஆரம்பித்துவிடுவான், ஏனென்றால் சொல்லுக்கும் இழுப்புக்கும் தொடர்பு இருக்கிறது. சொல் வந்தால் கை இழுக்கும். நாங்கள் இந்தப் பாடத்தில் சொல்லப் போவதில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது.

அதே திருகோணமலையில் இன்னொரு சாட்சியும் உண்டு. கோணேசர் கோவிலைப் பற்றித் திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் ஒரு பதிகம் பாடினார். அங்குள்ள சைவப் பிள்ளைகள் இன்றும் அதைப் பாடமாக்குகிறார்கள். 1622இல் போர்த்துக்கேயர் அந்தக் கோவிலை இடித்தார்கள், அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இடித்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று பெயர் தரித்தவர்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது; அது நமக்கு வெட்கமான காரியம். கோவில் இடிந்தது. பாடல் இடியவில்லை. அது ஓலையில் இருந்ததோடு ஜனங்களின் வாயிலும் இருந்தது. பக்கத்து லயத்தில் தேவாரம் பாடமாக்குகிற பிள்ளையைப் பார்த்து நம் பிள்ளைகள் கிண்டல் செய்தால், பெற்றோர் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். கிண்டல் செய்வதை விட்டு, அந்தப் பிள்ளை எப்படிப் பாடமாக்குகிறது என்று கேட்டுப் படிக்கலாம்.

கடற்கரைக்குப் போவானேன்? நம்ம தோட்டங்களிலேயே காமன் கூத்து இருக்கிறது, பொன்னர் சங்கர் இருக்கிறது, அருச்சுனன் தபசு இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத தாத்தாமார் விடிய விடிய ஒரு வரி பிசகாமல் ஆடிப் பாடினார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் "எனக்கு ஞாபக சக்தி இல்லை" என்று சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம். சினிமாப் பாட்டு எத்தனை தெரியும் என்று கேட்டாலே விஷயம் வெளிக்கும்.

நமது தோட்டச் சபைகளும் அப்படித்தான் வளர்ந்தன. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத் தமிழருக்கென்று தனியாக ஒரு மிஷன் ஊழியம் தொடங்கியது. 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயர் வைத்தார்கள். அந்த நடுச்சொல் இன்று நம்மைக் குத்துகிறது, ஆனால் சரித்திரத்தில் பெயர் அப்படித்தான் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். கேட்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லித்தான் வசனம் லயத்துக்குள் வந்தது.

இதுவரை மனப்பாடத்தின் நல்ல பக்கத்தைச் சொன்னோம். மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாடம் பொய்யாகிவிடும்.

ஒல்லாந்தர் இந்த நாட்டின் கரையோரத்தை ஆண்ட காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிள்ளைகள் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், வினாவிடை எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிக்க வேண்டும். ஞானஸ்நானமும் கல்யாணமும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டன. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது, காணி விஷயத்திலும் தொல்லை. ஆகவே ஜனங்கள் படித்தார்கள், ஒப்புவித்தார்கள், பெயர் பதிந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் கிறிஸ்தவர்கள் லட்சக் கணக்கில் இருந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள், 1796இல் கொழும்பும் அவர்கள் கைக்குப் போனது. ஒப்புவிக்கச் சொல்லி வற்புறுத்த ஆள் இல்லாமல் போனதும், கொஞ்ச வருஷங்களுக்குள் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1850இல் வெளிவந்த தம் புத்தகத்தில் இந்தக் கதையை விவரமாக எழுதியிருக்கிறார்.

அந்த ஜனங்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்லுவது சுலபம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பிழைப்புக்காக ஒரு பாடத்தை ஒப்புவிக்கச் சொன்னார்கள், ஒப்புவித்தார்கள். அதன் அர்த்தத்தை யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசவில்லை. பரிசுக்காக ஒப்புவித்து மறந்த நம் பிள்ளைக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? மனப்பாடம் என்பது கதவு. கதவைத் திறந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் வீட்டுக்குள் போனதாகாது.

இனி வேதப்பகுதிக்கு வருவோம். மத்தேயு 4ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

வனாந்தரம். நாற்பது நாள் பட்டினி. இயேசுவின் கையில் எந்தச் சுருளும் இல்லை. சோதனைக்காரன் மூன்று முறை வருகிறான், மூன்று முறையும் இயேசு வேதத்தில் எழுதியிருப்பதைச் சொல்லிப் பதில் கொடுக்கிறார். மூன்றும் ஒரே புத்தகத்திலிருந்து வருகின்றன: உபாகமம் 8:3, 6:16, 6:13. பக்கத்துப் பக்கத்து அதிகாரங்கள். அவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக வசனம் பொறுக்கவில்லை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் பசியோடு நடந்த கதையை மோசே திரும்பிச் சொல்லுகிற இடம் அது. வனாந்தரத்தில் பசியோடு இருக்கிறவருக்கு அந்த இடமே ஞாபகம் வருகிறது. அவருக்கு வசனமும் தெரியும், அந்த வசனம் இருக்கிற வீடும் தெரியும்.

இப்போது 6ஆம் வசனத்தைக் கவனியுங்கள். இங்கே ஒரு அதிர்ச்சி இருக்கிறது. சோதனைக்காரனுக்கும் மனப்பாடம் தெரியும்! சங்கீதம் 91இலிருந்து, 11ஆம் 12ஆம் வசனங்களை எடுத்துச் சொல்லுகிறான். சங்கீதத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நடக்கிற வழிகளில் தேவன் காப்பார் என்று சொல்லுகிற துண்டை அவன் விட்டுவிட்டான். ஒருவன் தன் வழியில் நடக்கும்போது கிடைக்கிற பாதுகாப்பைப் பற்றிய வாக்கு அது. வேண்டுமென்று கோபுரத்தில் ஏறிக் குதிக்கிறவனுக்கு அல்ல. அடுத்த 13ஆம் வசனத்துக்கும் அவன் போகவில்லை. அங்கே சர்ப்பத்தை மிதிக்கிற பேச்சு வருகிறது. அது அவனுக்கு உகந்த பேச்சு இல்லையே!

ஓய்வுநாள் பாடசாலைப் பரீட்சை வைத்தால் அவனுக்கும் நல்ல மார்க் கிடைக்கும் என்று ஒரு போதகர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். சிரிப்புக்குச் சொன்னாலும் உண்மை அதுதான். துண்டாக வெட்டிய வசனத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம், கெட்டதுக்கும் பயன்படுத்தலாம். நம் வீடுகளிலேயே நடக்கிறது. குடித்துவிட்டு வருகிற ஒருவர், மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் 5:22ஐ அச்சர சுத்தமாகச் சொல்லுவார். அதே அதிகாரத்தில் மனைவிமாருக்கு எழுதியது மூன்று வசனம். 25 தொடங்கி அதிகாரம் முடியும் வரை புருஷன்மாருக்கு எழுதியிருக்கிறது. அந்தப் பகுதி மட்டும் அவருக்கு மனப்பாடம் இல்லை. தங்கச்சிமாரே, நீங்கள் அதையும் சேர்த்துப் படித்து வையுங்கள்.

வாலிபர் மத்தியில் அதிகம் அடிபடுகிற ஒரு வசனம் எரேமியா 29:11. சமாதானத்தையும் நல்ல முடிவையும் கொடுக்கிற நினைவுகளைப் பற்றியது. ஓ.எல் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலும், கலண்டரிலும், லயத்துச் சுவரிலும் பார்க்கலாம். நல்ல வசனம். ஆனால் அதற்கு முந்திய வசனத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? எழுபது வருஷம் கழித்து என்று அங்கே இருக்கிறது. எழுபது வருஷம்! கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள்.

முழுக் கதை இதுதான். நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஜனங்களைப் பிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். அன்னிய தேசம், அன்னிய பாஷை, சொந்தக் காணி இல்லை. அந்த நேரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னான் (எரேமியா 28:3). ஜனங்களுக்கு அது இனிக்கத்தான் செய்திருக்கும். எலெக்ஷன் காலத்தில் நமக்கும் அப்படிப்பட்ட குரல்கள் கேட்டுப் பழக்கம். எரேமியா அவனை மறுத்தார். பிறகு பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம்தான் 29ஆம் அதிகாரம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற ஊரின் நன்மையைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். பழைய மொழிபெயர்ப்பில் 5ஆம் வசனத்தில் வருகிற சொல்லும் 'தோட்டம்' தான்.

இதை வாசிக்கிற மலையகத்துப் பிள்ளைக்கு ஏதாவது தோன்றாமல் இருக்குமா? நம் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பல் ஏற, தம்பி லயத்தில் நின்றான். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. எண்ணிப் பாருங்கள், 55 வருஷம். எழுபது என்ற எண் எவ்வளவு நீளம் என்று புத்தகம் படித்தவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வித்தியாசமும் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். தோட்டம் போட்டவனே அதன் பலனைச் சாப்பிடட்டும் என்பது கடிதத்தில் உள்ள எண்ணம். நாம் இருநூறு வருஷமாகத் தோட்டம் போடுகிறோம். குடியிருக்கிற காம்பிராவுக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் இன்னும் உண்டு. ஆகவே எரேமியா 29 பொறுமையாக இரு என்று மட்டும் சொல்லுகிற அதிகாரம் அல்ல. வீடு வேண்டும், காணி வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல வாழ்வு வேண்டும் என்று கேட்பது அவிசுவாசம் இல்லை. அந்தக் கடிதமே அதைத்தான் பேசுகிறது. பரீட்சை பாஸாக வேண்டும் என்று மட்டும் இந்த வசனத்தை வைத்திருந்த பிள்ளை, முழு அதிகாரத்தையும் வாசித்த பிறகு அதைச் சொல்லும்போது குரலே மாறும் என்று நம்புகிறோம். பரீட்சை பெயிலானாலும் அந்த வசனம் அவனை விட்டுப் போகாது. பென்சில் பெட்டியில் எழுதிய அர்த்தம் மட்டும் இருந்தால், ரிசல்ட் வந்த அன்றே போய்விடும்.

எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறோம். எர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885இல் ஞாபகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தன்னையே வைத்துச் சோதனை செய்தவர். அர்த்தமில்லாத அசைகளை ஆயிரக் கணக்கில் பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் மறக்கிறது என்று கணக்கு எடுத்தார். பாடமாக்கியதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே போய்விடுகிறது என்று கண்டார். இடைவெளி விட்டு விட்டுத் திருப்பிச் சொன்னால் நிற்கிறது. இன்னொன்றையும் கண்டார். அர்த்தமுள்ள கவிதையைப் பாடமாக்க, அர்த்தமில்லாத அசைகளுக்கு வேண்டிய முயற்சியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு போதுமாயிருந்தது. ஒல்லாந்தர் பள்ளியில் கோட்டைவிட்டது எது என்று இதிலிருந்தும் விளங்கும்.

ஆகவே ஒரு கிழமைக்கு ஒரு வசனம் போதும். ஆசைப்பட்டுப் பத்து எடுக்காதீர்கள். முதலில் அந்த வசனம் இருக்கிற முழுப் பகுதியையும் சத்தமாக வாசியுங்கள். யார் சொல்லுகிறார், யாரிடம் சொல்லுகிறார், இதற்கு முன் என்ன நடந்தது, அடுத்து என்ன வருகிறது என்று கேளுங்கள். தெரியாத சொல்லைப் போதகரிடமோ, பாட்டியிடமோ கேளுங்கள். பழைய தமிழ் பாட்டிமாருக்குத்தான் நன்றாக விளங்கும். அதன் பிறகு வசனத்தைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மூச்சு விடுகிற இடத்தில் துண்டு போட்டு, துண்டு துண்டாகச் சொல்லுங்கள். எந்த அதிகாரம், எந்த வசனம் என்பதை முன்னும் ஒரு தரம் பின்னும் ஒரு தரம் சொல்லுங்கள். மறுநாள் காலை பிரட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிற வழியில் தாளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். பிறகு மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து, ஒரு மாதம் கழித்து. தாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, பார்க்காமல் தடுமாறிச் சொல்லுவதே ஞாபகத்தைப் பலப்படுத்தும். தடுமாறினால் பரவாயில்லை.

வேதத்தை எழுதியவர்களே மனப்பாடத்துக்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். சங்கீதம் 119ஐப் பாருங்கள், 176 வசனம். எபிரெய எழுத்து 22, ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு எட்டு வசனம், அந்தந்த எழுத்திலேயே தொடங்கும். ஔவையார் ஆத்திசூடியை அகர வரிசையில் வைத்தது மாதிரி. மொழிபெயர்ப்பில் அந்த வரிசை தெரியாது, ஆனால் எட்டு எட்டாகப் பிரித்த அமைப்பு தெரியும்.

எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்கிறார்கள். பெரும்பாலான சபைகளில் இருப்பது 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவின் திருப்புதல். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியமும் இருக்கிறது. இவற்றுக்கு முன் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் செய்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் உழைத்தவர் சைவரான ஆறுமுக நாவலர். இது நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. மனனத்துக்கு உங்கள் சபையில் வாசிப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டைக் கலந்தால் நாக்கு குழம்பும். விளக்கத்துக்கு மற்றதையும் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வசனத்தைத் தண்டனை ஆக்காதீர்கள். "சொல்லாட்டி சோறு இல்லை" என்று சொல்லி வாங்கிய வசனம் பிள்ளைக்குக் கசக்கும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அதுவும் தடையில்லை. பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேட்டுப் பாடமாக்குங்கள். அதே வசனத்தை இருவரும் சேர்ந்து படித்தால், கொழுந்து எடுக்கிற மலையில் உங்கள் வாயிலும் பள்ளிக்கூடத்தில் அவன் வாயிலும் அது இருக்கும். தீமோத்தேயுவுக்கு முதல் பாடசாலை பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும்தான் (2 தீமோத்தேயு 1:5). அதனால் பாட்டிமார் தங்களை லேசாக எண்ண வேண்டாம்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி திருகோணமலைக் கரையோரத்துக்குள் வந்தபோதும், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதும், உயிர் தப்பியவர்கள் உடுத்த துணியோடுதான் வெளியே வந்தார்கள். குடும்ப வேதப்புத்தகம், அதில் எழுதி வைத்த பிறந்த நாட்கள், எல்லாம் போயின. அப்படிப்பட்டவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். நாம் பாடமாக்கியதையெல்லாம் அவர்கள் தலையில் கொட்டக் கூடாது. யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததில் சரியான வேலை அதுதான். எந்த நேரத்தில் வசனத்தைச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் வேதபாடத்தைச் சேர்ந்ததே.

இந்த மாத வேலை: சங்கீதம் 23. ஆறே வசனம்தான், ஆறு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே தெரியும் என்கிறவர்களுக்கு மூன்று கேள்வி. தொடக்கத்தில் மேய்ப்பரைப் பற்றிப் பேசுகிறவர் எந்த வசனத்தில் நேரடியாக அவரோடு பேசத் தொடங்குகிறார்? ஏன் அந்த இடத்தில்? 5ஆம் வசனத்தில் பந்தி எங்கே, யாருக்கு முன்பாகப் போடப்படுகிறது? பதிலை வீட்டாரோடு பேசி, ஒரு தாளில் எழுதி ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியரிடம் கொடுங்கள்.

அடுத்த பாடம் ரூத்தின் புத்தகம். நாலே அதிகாரம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன குடும்பம், அடுத்தவன் வயலில் கதிர் பொறுக்கிய ஒரு பெண். முன்கூட்டியே ஒரு தரம் வாசித்து வையுங்கள்.